பொதுச் சான்றிதழ் என்னும் பொதுவழி

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாது நின்ற பிள்ளைகளுக்குக் கட்டணம் செலுத்தியும், மாலை வகுப்புகள் நடத்தியும், விண்ணப்பம் எழுதத் தெரியாத பெற்றோர்க்கு எழுதிக் கொடுத்தும் இச்சங்கம் ஆற்றிய தொண்டினை இவ்வவை நன்கு அறியும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் இளைஞர் எத்துறையில் கால் பதித்தல் வேண்டும் என்பது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். துறைகள் பல உள. அவற்றுள் ஒன்றனை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். அது மீத்திறன் கணிப்பொறித் துறை. அத்துறைக்குரிய பயிற்சியும் தகுதிச் சான்றும் எல்லார்க்கும் பொதுவானவையாக அமைதல் வேண்டும், அவ்வாறு அமையும் நாளில் நம் பிள்ளைகள் ஆயத்தமாக நிற்றல் வேண்டும் என்பதே நாம் கூற வந்த கருத்து.

கரிசல் மண்ணும் கணிப்பொறியும்

கரிசல் காட்டில் மீத்திறன் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம் கோவில்பட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. 1901ஆம் ஆண்டிலேயே இங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது இம்மண்ணின் தனித்தன்மை கருதியே ஆகும். வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி விதைக்கிறோம். விதைத்த பின் ஒரு சிறு மழை பெய்து முளை விட்டு, அடுத்த மழை பிந்தினால் முளை கருகிவிடும். நிலமுடையோர்க்கு அது விதை நட்டம். நிலமற்ற நம் மக்களுக்கோ களையெடுப்பும் கதிரறுப்பும் பருத்தியெடுப்பும் ஆகிய அத்தனை நாட் கூலியும் நட்டம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் நாம் மறக்கவில்லை. மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் முதலில் துன்புறுவது தாழ்ந்த பகுதியில் குடியிருப்போரே.

மழையை முன்னறிவிப்பது இன்று பெருங் கணக்கு வேலையாகிவிட்டது. நிலப்பரப்பையும் அதன் மேலுள்ள காற்று மண்டலத்தையும் கட்டங்கட்டமாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியன அடுத்தடுத்து எவ்வாறு மாறும் என்று கணக்கிடுகின்றனர். 2025 மே 26ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்ற பாரத முன்கணிப்பு முறையில் ஒரு கட்டத்தின் பக்கம் 6 கிலோமீட்டர். அதற்கு முன் இருந்த முறையில் 12 கிலோமீட்டர். பக்கம் பாதியானால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். நேரத்தையும் மேலும் நுணுக்கமாகப் பகுக்க வேண்டியிருத்தலின் கணக்கு ஏறத்தாழ எட்டு மடங்காகப் பெருகும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'அர்க்கா' என்னும் இயந்திரம் இதனைச் செய்கிறது. நம் ஊர் மழை எங்கோ ஓரிடத்தில் கணக்கிடப்படுகிறது. கணக்கிடுவோர் வரிசையில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரும் இருத்தல் வேண்டாவா?

இயந்திரம் இயங்கும் வகை

இவ்வியந்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதன் தத்துவம் பருத்திக்காட்டில் உள்ளது. ஒருவர் தனித்து எடுத்தால் நூறு மணி நேரம் ஆகும் பருத்தியை நூறு பேர் நிரை பிரித்து எடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். மீத்திறன் கணிப்பொறியும் அவ்வாறே ஒரு பெருங்கணக்கைப் பல்லாயிரம் கூறுகளாகப் பிரித்து, பல்லாயிரம் செயலிகளிடம் ஒரே நேரத்தில் ஒப்படைக்கிறது.

ஆயினும் ஒரு தடை உண்டு. எடுத்த பருத்தியை எல்லாம் ஒரே தராசில் ஒருவரே நிறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு மணி வேலையில் பத்து மணி அந்த நிறுவைக்கு ஆகுமானால், எடுப்புக்குரிய தொண்ணூறு மணி வேலையை நூறு பேர் ஒரு மணிக்குள் முடித்தாலும் நிறுவைக்குப் பத்து மணி ஆகியே தீரும். நூறு பேரை இறக்கியும் வேகம் பத்து மடங்கைக்கூட எட்டாது. இதனை 1967ஆம் ஆண்டில் ஆம்டால் என்னும் அமெரிக்கப் பொறியாளர் எடுத்துக்காட்டினார். கோடிக்கணக்கில் செலவிட்டு இயந்திரம் வாங்கினாலும், வேலையைச் சரிவரப் பிரிக்கத் தெரிந்த மனிதர் இல்லையேல் பயன் இல்லை என்பதே இதன் பொருள். ஆகவே இத்துறையில் இயந்திரத்திற்கு ஈடான மதிப்பு பயிற்சிக்கும் உண்டு.

நாட்டின் முயற்சி

இந்திய அரசு 1988ஆம் ஆண்டில் சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையத்தைப் புனேயில் தோற்றுவித்தது. வெளிநாட்டு இயந்திரங்கள் எளிதில் கிட்டாத அக்காலத்தில், 1991ஆம் ஆண்டு அம்மையத்தார் 'பரம் 8000' என்னும் இயந்திரத்தை உருவாக்கினர். பின்னர் 2015ஆம் ஆண்டில் ரூ.4,500 கோடி மதிப்பீட்டில் தேசிய மீத்திறன் கணிப்பு இயக்கம் வகுக்கப்பெற்றது. அவ்வியக்கத்தின் கீழ்த் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25ஆம் நாள் 'பரம் பொருள்' என்னும் இயந்திரம் நிறுவப்பெற்றது. அதன் ஆற்றல் 838 டெராஃப்ளாப். அதாவது வினாடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகள். 2025 மார்ச்சு வரையில் இவ்வியக்கத்தின்கீழ் நாடெங்கும் 34 இயந்திரங்கள் நிறுவப்பெற்றுள்ளன. புனே, கரக்பூர், சென்னை, பாலக்காடு, கோவா ஆகிய ஐந்து இடங்களில் பயிற்சி மையங்களும் அமைந்துள்ளன.

இவ்வியந்திரங்களைச் சுற்றி வேலை செய்வோர் யாவரும் அறிவியல் முனைவர்கள் அல்லர். மின் இணைப்பைக் காப்பவர் வேண்டும். திரவக் குளிரூட்டலைக் கவனிப்பவர் வேண்டும். இயந்திரத்தை இரவும் பகலும் நிருவகிப்பவர், வேலைகளை வரிசைப்படுத்துபவர், நிரல் எழுதுபவர், ஆய்வாளர்க்கு வழிகாட்டுபவர் ஆகியோரும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியோ குளிர்சாதனப் பணியோ பயின்றவர் முதல் முதுநிலைப் பட்டதாரி வரை இங்கு இடம் உண்டு.

திறன் உண்டு, சான்று இல்லை

இடர்ப்பாடு எங்கே? இத்திறன் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் மூத்தவர் இளையவர்க்குச் சொல்லித் தருவதாகவே பரவி வந்துள்ளது. பெரிய நிறுவனத்தில் இடம் பெற்றவர்க்கு அது வாய்க்கிறது, மற்றவர்க்கு வாய்ப்பதில்லை. சில நாள் நடைபெறும் பயிற்சிகள் பலவற்றின் முடிவில் கிடைப்பது பங்கேற்புச் சான்று மட்டுமே. ஓரிடத்தில் பெற்ற சான்று பிறிதோரிடத்தில் எவ்வளவு மதிக்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பொறியியல் முடித்து இத்துறையில் வேலை தேடிச் சென்றார். லினக்சு இயக்கமும் நிரலாக்கமும் தாமே முயன்று கற்றவர். சென்ற இடத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வி, யாரிடம் வேலை பார்த்தீர் என்பதே. என்ன தெரியும் என்பது இரண்டாவது கேள்வியாகக்கூட வரவில்லை. யாரிடம் என்ற கேள்விக்குப் பெயர் சொல்ல நம் பிள்ளைகளுக்கு மாமனும் இல்லை, சிற்றப்பனும் இல்லை.

அன்பர்களே, இது நமக்குப் புதியதன்று. முப்பது ஆண்டு தீப்பெட்டித் தொழிலில் கைதேர்ந்த தாய்மார்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு குச்சிகளை எண்ணும் கைகள் உங்கள் கைகள். அத்திறனைச் சான்று கூறும் ஒரு துண்டுத் தாள் உங்களிடம் உண்டா? இல்லை. ஆகையால் முப்பதாம் ஆண்டிலும் முதலாம் ஆண்டிலும் நீங்கள் வெறும் கூலியாளே. திறன் இருந்தும் சான்று இல்லையேல் அதற்கு விலை இல்லை என்பதை நம் சமுதாயம் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறியார்.

தட்டச்சுத் தேர்வு கற்பித்த பாடம்

இதற்கு மாறான பாடமும் நம் வாழ்விலேயே உண்டு. நாம் மாணாக்கராயிருந்த காலத்தில் கோவில்பட்டிக் கடைத்தெருவின் மாடி அறைகளில் தட்டச்சுப் பயிலகங்கள் ஒலித்துக்கொண்டிருக்கும். அங்கே எவரிடம் பயின்றாலும் தேர்வை நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்று அளவு எழுதி வைக்கப்பட்டிருந்தது. தாளைத் திருத்துபவர்க்கு எழுதியவரின் தெருவும் தெரியாது. தந்தையார் பெயரும் தெரியாது. பிழையை எண்ணினர், வேகத்தை அளந்தனர், சான்று வழங்கினர். அந்தத் தாளைக் கொண்டு நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் அரசு அலுவலகங்களில் அமர்ந்தனர். அங்ஙனம் அமர்ந்தோரின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகள்.

தொழிற்பயிற்சி நிலையத்தின் தேசியத் தொழிற் சான்றும் அத்தகையதே. கோவில்பட்டியில் பிட்டராகத் தேறியவர் பிலாயிலும் பிட்டரே. 1990ஆம் ஆண்டு தொடங்கிய டோயெக் கணிப்பொறித் தேர்வுமுறையில் 'ஓ' நிலை முதல் 'சி' நிலை வரை நான்கு படிகள் வகுக்கப்பட்டன. நிறுவனத்தில் சேர்ந்து பயில்வோரேயன்றி, 'ஓ' நிலையைத் தாமே பயின்று நேரில் எழுதுவோர்க்கும் அதில் இடம் இருந்தது. பயிற்றுவிப்பவர் வேறு, தேர்வு நடத்துபவர் வேறு என்று பிரித்து வைத்ததே இவற்றின் சிறப்பு. இவ்விரண்டும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கையைப் பிடித்தவர்க்கே கல்வி. பிரித்துவிட்டாலோ, கற்றவர் எவர்க்கும் தகுதி.

அண்ணல் அம்பேத்கர் இதனை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். 1942 அக்டோபர் 29ஆம் நாளிட்டு அவர் வைசிராயிடம் அளித்த விண்ணப்பத்தில், கலைப் பாடமும் சட்டமும் மட்டும் நம் மக்களுக்குப் போதா, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அது செலவு மிக்கதாதலின் அரசே உதவ வேண்டும் என்று வாதிட்டார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்க்குத் தொழில் பழகும் வாய்ப்பு வேண்டும் என்றும் கேட்டார். 1944 முதல் வழங்கப்பெற்று வரும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்கு வித்திட்டது அம்முயற்சியே. அன்று அச்சகமும் இரயில்வே பட்டறையும் எவ்வாறோ, இன்று மீத்திறன் கணிப்பொறிக் கூடம் அவ்வாறு.

உலகம் செல்லும் திசை

இயந்திரங்களிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு காலத்தில் செயலிகள் தம்முள் செய்தி பரிமாறும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டிருந்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. 1994ஆம் ஆண்டில் எம்.பி.ஐ. என்னும் பொது விதிமுறை வகுக்கப்பெற்ற பின், ஒருமுறை கற்றவர் எந்த இயந்திரத்திலும் வேலை செய்யலாம் என்றாயிற்று. கற்பவரின் உழைப்பு ஒரு கம்பெனிக்கு அடிமையாகாமல் விடுதலை பெற்றது.

இயந்திரத்திற்குச் செய்ததை மனிதரின் தகுதிக்கும் செய்ய வேண்டும் என்று பல நாட்டு அறிஞர் முயன்று வருகின்றனர். ஐரோப்பாவில் 2020ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கொரு திறன் மையம் அமைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பயிற்சிப் பாடங்களைப் பகிர்ந்து வருகின்றனர். மீத்திறன் கணிப்புச் சான்றிதழ் மன்றம் என்னும் பன்னாட்டு அமைப்பு, இத்துறையில் அறிய வேண்டிய திறன்களை ஒரு மரத்தின் கிளைகளைப் போல வகுத்துள்ளது. இயந்திரத்தைப் பயன்படுத்தல், நிரலாக்கம், வேகத்தை அளந்து திருத்துதல், நிருவாகம் எனக் கிளைகள் விரிகின்றன. ஒவ்வொரு திறனிலும் தொடக்கம், இடைநிலை, முதிர்நிலை எனப் படிகள் உள்ளன. எங்குப் பயின்றாலும் சரி, இன்னது தெரிந்தால் இன்ன தகுதி என்று முன்கூட்டியே எழுதி வெளியிடுதல் என்பதே அம்மன்றத்தின் கொள்கை. தட்டச்சுத் தேர்வின் நீதி இதுவே அன்றோ?

நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் மீத்திறன் கணிப்பொறி நிருவாகத்தில் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது. அது நல்லதே. ஆயினும் பட்டப்படிப்பு முடித்து, நுழைவுத் தேர்வில் வென்று, பெருந்தொகை கட்டக்கூடியவர்க்கே அது எட்டும். அதற்குக் கீழே படிகள் வேண்டும். 2013 டிசம்பரில் அறிவிக்கப்பெற்ற தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு தொழில்களைப் படிநிலைகளாக வகுக்க இடந்தருகிறது. அதன்கீழ் இத்துறைக்கும் அடிப்படி முதல் மேற்படி வரை தொடர்ச்சியான தகுதிகளை அமைக்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

சான்றிதழ் வழியாகவும் அமையலாம், வேலியாகவும் அமையலாம். கட்டணத்தை உயர்த்தினால், தேர்வைத் தலைநகரில் மட்டும் நடத்தினால், பாடத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால், பொது என்று பெயரிட்ட அதே சான்று நம்மை வெளியே நிறுத்தும் புதிய வேலியாகிவிடும். ஆகவே ஆள்வோரிடத்தும் கல்வி நிறுவனங்களிடத்தும் நாம் கேட்க வேண்டியவை ஐந்து.

முதலாவதாக, பாடத்திட்டமும் தேர்வின் அளவுகோலும் எவரும் காணும்படி வெளியிடப்பெறல் வேண்டும். விளக்க நூல்கள் தமிழிலும் வருதல் வேண்டும். இரண்டாவதாக, எங்குப் பயின்றார் என்று கேளாமல் எவரையும் தேர்வெழுத விடுதல் வேண்டும். மூன்றாவதாக, தொழிற்பயிற்சி நிலைய மாணவரும் பாலிடெக்னிக் மாணவரும் ஏறத்தக்க முதற்படி இருத்தல் வேண்டும். நான்காவதாக, இயந்திரம் திருச்சியில் இருந்தாலும் தொலைவிலிருந்தே அதனை இயக்கலாமாதலின், மாவட்டத் தலைநகரிலேனும் செய்முறைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் இடம் அமைதல் வேண்டும். ஐந்தாவதாக, ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்குக் கட்டண விலக்கும், பயிற்சி இடங்களில் இடஒதுக்கீடும் உறுதி செய்யப்பெறல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பது ஒரு பாதி, ஆயத்தமாவது மறுபாதி. கதவு திறக்கும் நாளில் நாம் உறங்கிக்கொண்டிருத்தல் கூடாது.

இளைஞர்களே, உலகின் முதல் ஐந்நூறு மீத்திறன் கணிப்பொறிகளும் 2017 நவம்பர் முதல் லினக்சு இயக்கத்திலேயே ஓடுகின்றன. அது விலையின்றிக் கிடைப்பது. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சு இருந்தது. அந்த மடிக்கணினிகள் இன்று நம் வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. அவற்றை இறக்கித் தூசு தட்டுங்கள். ஓடுவனவற்றைச் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள்.

1994ஆம் ஆண்டில் அமெரிக்க நாசா நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 16 சாதாரணக் கணிப்பொறிகளைக் கம்பியால் இணைத்து, ஒரே இயந்திரம்போல் இயங்கச் செய்தனர். 'பியோவுல்ஃப்' எனப் பெயர்பெற்ற அவ்வழியில் பல நாடுகளிலும் பல்கலைக்கழகங்கள் குறைந்த செலவில் மீத்திறன் கற்றன. நம் சங்கப் படிப்பகத்தில் நான்கு பழைய கணிப்பொறிகளை இணைத்தாலும் போதும். அதனால் மழையைக் கணிக்க இயலாது. ஆனால் வேலையைப் பிரிப்பது எங்ஙனம், காத்திருப்பது எங்ஙனம், எங்கே தடைப்படுகிறது என்பதையெல்லாம் நான்கு இயந்திரத்திலும் கற்கலாம். நான்கில் கற்றது நாலாயிரத்திற்கும் பொருந்தும்.

அடுத்து, கணிதத்தை அஞ்சி ஒதுக்காதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவுடன், எளிது என்று எவரோ சொல்லக் கேட்டுப் பாடப் பிரிவைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகுதி. மேனிலை வகுப்பில் கணிதம் விட்டவர்க்கு இத்துறையின் பல கதவுகள் அடைபடும். பெற்றோர் இதில் கருத்தூன்றல் வேண்டும். பெண் மக்களைப் பன்னிரண்டாம் வகுப்போடு நூற்பாலைக்கு அனுப்பும் நிலையும் மாறல் வேண்டும். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்று பெற விரும்புவோரே கட்டணம் செலுத்த வேண்டும். இணை நிரலாக்கம் பற்றிய பாடங்களும் அவற்றுள் உள. தனியாகக் கேட்டால் ஆங்கிலம் தடுக்கும். ஐவர் சேர்ந்து அமர்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தமிழில் பேசித் தெளிந்தால் தடை உடையும். வாரம் இருமுறை அத்தகைய கூட்டுப் பயிற்சிக்குப் படிப்பகத்தைத் திறந்து வைக்குமாறு சங்கப் பொறுப்பாளர்களை வேண்டுகிறோம். விடுமுறைக்கு ஊர் வரும் நம் பொறியியல் பட்டதாரிகள் ஆளுக்கொரு வகுப்பு எடுத்தல் வேண்டும். படித்தவர் ஊருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் அது. உறுப்பினர்கள் தேர்வுக் கட்டண நிதியில் இத்துறைக்கெனவும் ஒரு பகுதியை ஒதுக்கல் வேண்டும்.

நிறைவாக ஒன்று கூறுவோம். 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் நம் மக்களுக்கும் உரியன என்று தீர்மானம் கொண்டு வந்தார். அதுவரை அவை பொது என்று பெயர் பெற்றிருந்தும் நமக்குப் பொதுவாயிருக்கவில்லை. வழி என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அது பொதுவழி என்று எழுதி வைக்கப்பெறல் வேண்டும். எழுதி வைத்த பின் அதில் நடக்கும் துணிவும் நமக்கு வேண்டும். மீத்திறன் கணிப்புத் துறையில் வழி இப்போதுதான் வெட்டப்பட்டு வருகிறது. வெட்டும்போதே அது பொதுவழியாதல் வேண்டும் என்று கேட்போம்; கேட்டுக்கொண்டே நடக்கவும் பழகுவோம்.

 வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!